தேசிய அணிக்கு ஒரு கையெழுத்து

ராசன் பேனையைப் பிடுங்கி மூன்றாம் மாடி யன்னல் வழியாக எறிந்தார். அது கீழே யாருடைய தலையில் விழுந்ததோ, மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

"இப்ப என்னத்தாலை கையெழுத்து வைக்கிறது? போ தம்பி, போய் வேலையைப் பார்!"

பிரதாப் அசையவில்லை. ஸ்டுட்கார்ட்டிலேயே பிறந்து, பந்தோடு வளர்ந்து, இப்போது இளைஞர் உதைபந்தாட்ட அணிக்குப் பயிற்சி கொடுப்பவன். இதைவிட மோசமான தகப்பன்மாரையும் பார்த்திருக்கிறான். சட்டைப்பையிலிருந்து இரண்டாவது பேனையை எடுத்துப் படிவத்தின் மேல் வைத்தான்.

ராசனின் மகன் யூட்சனை, பதினெட்டு வயதுக்குட்பட்ட ஜெர்மன் தேசிய அணியின் முகாமுக்கு அழைத்திருந்தார்கள். பொடியனுக்குப் பதினேழு வயது. பெற்றவர் கையெழுத்து இல்லாமல் போக முடியாது. தாய் மக்டலீன் வன்னியில் கடைசி யுத்தத்தின்போது செல்லடியில் இறந்துபோனாள். மிச்சம் இருப்பது ராசனின் கை ஒன்றுதான். அது மேசைக்குக் கீழே ஒளிந்திருந்தது.

"அண்ணை, நாளைக்கு மத்தியானம் கடைசி. பொடியன் கீழை என்ரை காருக்குள்ளை நகத்தைக் கடிச்சுக்கொண்டு இருக்கிறான்."

"ஏலாது. ஒரு ஆஸ்பில்டுங் செய்து தொழில் பழகட்டும். பந்து சோறு போடாது."

பேச்சைப் பாருங்கள்! அந்த மனிதரின் முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்க ஜெர்மன் அணிதான். நாலு உலகக் கிண்ணம், நாலு படம். மகனுக்குப் பரலோக மந்திரம் பாடமாக்க முதலே அந்த ஆட்டக்காரர்களின் பெயர்களைப் பாடமாக்கிவிட்டவர் இவர்.

"இஞ்சை பிறந்த எனக்கே ஐம்பத்திநாலிலை பேர்ண் நகரத்திலை நடந்ததைச் சொல்லித்தந்தது ஆர்? ஹங்கேரி ரெண்டு கோல் போட்ட பிறகும் விடாமல் நிண்டு வெண்டாங்கள் எண்டு மேசையிலை குத்திக் குத்திச் சொன்னியள். எழுபத்திநாலிலை கப்டன், தொண்ணூறிலை பயிற்சியாளர், பெக்கன்பவரைப் போல ஒருத்தன் இனிப் பிறப்பானோ எண்டு கேட்டதும் நீங்கள்தானே?"

"அது அவையின்ரை கதை. எங்கடை ஆக்களுக்கு உது சரிவராது. துருக்கியிலை இருந்து வந்த குடும்பத்துப் பொடியன் ஓசிலைப் பார். பதினாலிலை கிண்ணம் எடுக்கேக்கை ஜெர்மன்காரன். பதினெட்டிலை தோத்த உடனை துருக்கிக்காரன்!"

பிரதாப்புக்கு அது சுட்டது. விளையாடிய காலத்தில் மைதான ஓரத்திலிருந்து வந்த பேச்சுகளை அவனும் கேட்டவன்தான்.

"ஓம் அண்ணை, உண்மைதான். ஆனா தாங்கிறதோ விடுறதோ எண்டு அவன் முடிவெடுக்கட்டும். நீங்கள் ஏன் மறிக்கிறியள்?"

ராசன் படிவத்தை அவன் பக்கம் தள்ளிவிட்டார். பிரதாப்புக்குப் பொறுமை போய்விட்டது.

"நீங்கள் எப்பவும் இப்பிடித்தான். எங்கடை தமிழ் விளையாட்டு விழாவுக்கு ஒருநாளும் அவனை விடேல்லை. மற்றத் தேப்பன்மார் பிறந்தநாளுக்குக் கேக் வெட்ட, நீங்கள் அவன்ரை பிறந்தநாளண்டு சாப்பிடாமல் ஒருசந்தி பிடிச்சுக் கோயிலிலை முழங்காலிலை நிக்கிறியள். பிள்ளை சந்தோசமா இருந்தா உங்களுக்குக் கண்ணுக்குள்ளை குத்துதோ?"

கேட்ட பிறகு அவனுக்கே வெட்கமாகப் போயிற்று. குரலைத் தணித்துக்கொண்டான்.

"கோவியாதேங்கோ. எங்கடை பொடியன் அந்த வெள்ளைச் சட்டையோடை நிண்டா சும்மாவே? தமிழ் ரீவிக்காரர் இப்பவே பேட்டி கேக்கினம். ஊர்ப் பேப்பர் எல்லாத்திலையும் முன்பக்கத்திலை அவன்ரை முகம்தான்!"

ராசன் வெடுக்கென்று நிமிர்ந்தார்.

"அதுதான் வரக்கூடாது."

"எது?"

"அவன்ரை முகம்."

எழுந்துபோய் யன்னலை இறுக்கிச் சாத்தினார். கீழே நிற்கும் காருக்குக் கேட்டுவிடும் என்பதுபோலக் குரல் இறங்கிவிட்டது.

"தம்பி, என்ரை யூட்சன் மக்டலீனோடை அண்டைக்கே போட்டான். ரெண்டு வயசு. ஒரே கிடங்குக்குள்ளை ரெண்டு பேரையும் வைச்சு மூடினன்."

பிரதாப் யன்னல் பக்கம் கையைக் காட்டினான். "அப்ப கீழை இருக்கிறவன்?"

"அடுத்தநாள் பங்கர் வாசலிலை தனிய நிண்டு கத்தினவன். சுத்திவரச் சனம் செத்துக் கிடந்தது. தூக்கினன், கழுத்தைக் கட்டிப்பிடிச்சவன் பிறகு விடேல்லை. என்ரை பைக்குள்ளை யூட்சன்ரை பிறப்புப் பத்திரம் கிடந்தது. அதைக் காட்டித்தான் இஞ்சை கொண்டுவந்தன்."

பிரதாப்பின் கண் கலங்கிவிட்டது. இந்த மனிதரையா இவ்வளவு நேரமும் வாய்க்கு வந்தபடி ஏசினோம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ராசனின் கையை இழுத்துப் பிடித்தான்.

"இதுக்கே அண்ணை பயப்பிடுறியள்? ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கிறியள்! பத்திரத்தை ஒரு லோயரைப் பிடிச்சுப் பாப்பம். பெத்தவை செத்துப்போச்சினம். இனி ஆர் அந்த முகத்தை அடையாளம் பிடிக்கப்போகினம்?"

ராசன் கையை உருவிக்கொண்டார்.

"தாய் சாகேல்லை. ரீவிச் செய்தியிலை கண்டனான், காணாமல் போனாக்களைத் தேடுற சனத்தோடை, கிளிநொச்சியிலை றோட்டுக்கரையிலை இருக்கிறா. ஒரு கையிலை இவன்ரை படம், மற்றக் கையிலை புருசன்ரை படம். அந்தப் புருசன்ரை முகம்தான் இப்ப இவன்ரை முகம்."

பிரதாப் மெல்லக் கேட்டான். "இது எப்ப இருந்து உங்களுக்குத் தெரியும், அண்ணை?"

"ஆறு வருசமா."