கழுத்தில் பூசிய கறுப்பு

இர்விங்கில் ஷாந்தன் வீட்டு டிரைவ்வேயில் வாங்க வந்தவரின் டீசல் டிரக் உறுமிக்கொண்டு நிற்கிறது. அதன் முதுகில் வாத்துக் கழுத்துபோல் வளைந்த இரும்பை ஊன்றி, பின்னால் நீண்டு கிடக்கிறது டிரெய்லர். இரண்டு கோடைகள் சனிக்கிழமை தவறாமல் வந்து அதற்கு வெல்டிங் வைத்தவர் பசுபதி. இரும்பு நழுவாமல் பிடித்துக்கொண்டவன் ஷாந்தன். முடித்த அன்று சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். "ஃபேஸ்புக்ல விளம்பரம் பாத்துதான் டிரெய்லரை விக்கிறதே எனக்குத் தெரியுது," என்கிறார் பசுபதி. "சொல்லத்தான் இருந்தனான் அண்ணை. டைட்டில் பேப்பர் என்ர பேரிலதானே கிடக்கு," என்கிறான் ஷாந்தன், கையிலிருந்த டிரெய்லர் பூட்டுச் சாவியைப் பார்த்தபடி. வாங்க வந்த வெள்ளைக்காரர் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, வெல்டிங் தழும்பை மெச்சித் தடவி, இது யார் வேலை என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். ஷாந்தன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறான். பசுபதியின் கை அந்தக் கழுத்தின் உட்புறத்துக்குப் போகிறது. இருவர் பெயரின் முதலெழுத்தையும் அவர் வெல்டிங்கிலேயே எழுதிய இடம் அது. 'ஷா' மட்டும் வெயிலில் மின்னுகிறது. பக்கத்தில் புதுக் கறுப்புப் பெயின்ட், இன்னும் காயவில்லை. கட்டைவிரலை வைத்து அழுத்துகிறார். ஈரத்துக்கு அடியில் 'ப' தடிப்பாகத் தட்டுப்படுகிறது.