கல் பொறுக்காத கண்கள்

மூக்குக் கண்ணாடி தொலைந்த நாளிலிருந்து அம்பத்தூர் சொர்ணத்தம்மாளுக்குக் கண்ணே தெரியவில்லையாம். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கும் வேலை முழுக்க மருமகள் பொன்னியம்மா தலையில் விழுந்தது.

அன்று மேட்னி சினிமாவுக்கு ஜம்மென்று கிளம்பி வந்து நின்றாள் மருமகள். சொர்ணத்துக்குப் பகீரென்றது.

"இன்னா பொடவைடி கட்டிகினு கீறே?"

"பழைய நூல் பொடவைதான் அத்தே. ஏன், தெரியலியா?"

சொர்ணத்தின் பெட்டியில் இருந்த கல்யாணப் பட்டு அது! ஜரிகை மாங்காய்கூடப் பளிச்சென்று தெரிந்தது. தெரிகிறது என்று சொன்னால் முறம் மடிக்கு வந்துவிடுமே!

"எனக்கெங்கே கண்ணு தெரியுது?" என்று பல்லைக் கடித்தாள்.

"அடப்பாவமே!" என்ற பொன்னியம்மா, இடுப்பில் செருகியிருந்த கண்ணாடியை எடுத்து மாமியார் மூக்கில் மாட்டிவிட்டாள். "இந்தப் பட்டுக்கு அடியிலதான் கெடந்துச்சு அத்தே. அரிசி முறம் அடுப்பாண்ட கீது."