பூட்டை மாற்றியாச்சா?

கல்யாணமாகி வந்த புதிதிலேயே அவளுக்கு அந்தக் குடும்ப ரகசியம் தெரிந்துவிட்டது. மாமியார் ஜெயிலில் இருக்கும் ஒரு திருடனுக்கு மாதாமாதம் லெட்டர் எழுதுகிறார்.

அதுவும் யாரோ எவனோ இல்லை. இதே வீட்டுக்குள் பூட்டை உடைத்து நுழைந்தவன்.

"வெளியில சொன்னா சிரிப்பாங்க," என்றான் கணவன். தண்ணீர் ஃபில்டர் விற்பவன். எதையும் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொல்வது தொழில் பழக்கம். "போன வருஷம் வீட்டைப் பூட்டிட்டு ஃப்ரெண்ட்ஸோட ரெண்டு நாள் டூர் போயிருந்தேன். படுபாவி, பட்டப்பகல்ல உடைச்சு உள்ளே வந்திருக்கான். கையும் களவுமா மாட்டினான். அவனுக்குப் போய் 'அன்புள்ள தம்பிக்கு'ன்னு ஆரம்பிக்கறாங்க!"

ஹாலில் இருந்து மாமியார் குரல் வந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காது இன்னும் ஓய்வு பெறவில்லை.

"காலம் பூரா ஊரார் பேச்சுக்கு லைன் குடுத்தவ நான். என் பேச்சுக்கு ஒருத்தன் கிடைச்சிருக்கான். உனக்கு எங்கடா எரியுது?"

"அவன் திருடன்மா!"

"இருக்கட்டும். கேட்டதுக்குப் பதில் போடறான். நீ பக்கத்து ரூம்ல இருக்க. நாலு தடவை கூப்பிட்டாதான் ஒரு 'ம்' வருது."

மருமகளுக்குச் சிரிப்பு முட்டியது. கணவன் திரும்பியதும் விழுங்கிக்கொண்டாள். வாயைத் திறந்து பேசுவதே அவளுக்கு அபூர்வம்.

அடுத்த லெட்டர் வந்தது. ஜெயில் ஆபீஸில் பிரித்துப் படித்து, முத்திரை குத்தி, சாப்பாட்டைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் கறுப்பு மை அடித்து அனுப்பியிருந்தார்கள். மாமியார் கைக்குப் போகுமுன் கணவன் தட்டிப் பறித்தான். சமையலறைக்குக் கொண்டுவந்து அவளிடம் படித்துக் காட்டினான்.

"இதைக் கேளு. 'அம்மா, இடுப்பு வலி தேவலையா? வாக்கர் இல்லாம நடக்காதீங்க. அண்ணன் அடுத்து எப்ப ஊருக்குப் போறார்? எத்தனை நாள்? அந்தப் பூட்டை மாத்தியாச்சா? நான் வெளியே வர இன்னும் எட்டு மாசம் இருக்கு. அதுவரைக்கும் எங்கேயும் போகவேண்டாம்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க.'"

லெட்டரை மேடைமேல் அடித்தான்.

"பார்த்தியா? ஜெயில்ல உட்கார்ந்துக்கிட்டு அட்வான்ஸ் புக்கிங் பண்றான்! நான் வந்தப்புறம் கிளம்புங்கன்னு நமக்கே தேதி குடுக்கறான்!"

அவளும் வாசல் கதவுப் பூட்டை ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

அன்று மாலையே கணவன் கைமுட்டி அளவுக்கு ஒரு பூட்டு வாங்கி வந்தான். அடுத்த வாரம் இருவரும் முதல்முதலாக வெளியூர் போவதாக ஏற்பாடு.

"இதை உடைக்க அவனோட பரம்பரையே வந்தாலும் முடியாது," என்றான். "இன்னொண்ணு. அம்மா லெட்டரைப் போடச் சொல்லி உன்கிட்ட குடுத்தா, பேசாம என்கிட்ட குடுத்துடு. கிழிச்சுப் போட்டுடறேன். இத்தோட இந்தக் கூத்து முடியணும்."

தலையாட்டினாள்.

கிளம்பும் நாள். கணவன் பெட்டிகளை டாக்சியில் ஏற்றக் கீழே போயிருந்தான். பூட்டும் சாவியும் மேஜைமேல் இருந்தன. மாமியார் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து ஒரு கவரை நீட்டினார்.

"போற வழியில பெட்டியில போட்டுடும்மா. இன்னும் ஒட்டலை."

வாங்கிக்கொண்டாள்.

"அத்தை, அவன் நம்ம வீட்டுல திருட வந்தவன்தானே? உங்களுக்குக் கோபமே வரலையா?"

"வராம? இரும்புக் கம்பியும் கையுமா எட்டிப் பார்த்தான். நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கினேன்."

"நீங்களா? நீங்க அப்ப ஊர்ல இல்லையே!"

"எனக்கு யாரும்மா டூர் டிக்கெட் எடுத்தாங்க? உள்ளேதான் இருந்தேன். பாத்ரூம் தரையில."

அவள் பார்வை வாக்கருக்குப் போனது.

"என் பிள்ளை கிளம்பின அன்னிக்கே வழுக்கி விழுந்துட்டேன். இடுப்பு போச்சு. ஃபோன் ஹால்ல. ராத்திரி பூரா கத்தினேன். வெளியில பூட்டு தொங்கற வீட்டுல ஆள் இருக்கும்னு யாருக்குத் தோணும்? திருடனுக்கும் தோணலை. அதனாலதான் வந்தான்!" மாமியார் சிரித்தார். "தண்ணி குடுத்தான். என் ஃபோன்லயே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். ஓடிடுடா, மாட்டிக்குவேன்னேன். உங்களைத் தூக்கினதும் ஓடறேம்மான்னான். ஆம்புலன்ஸோட அக்கம்பக்கமும் வந்துடுச்சு. கோர்ட்டுல எவ்வளவோ சொன்னேன். பழைய கேஸ் இருந்ததால விடலை."

"இவர் எதுக்கு வெளியில பூட்டிட்டுப் போனார்?"

"அதான் எனக்குப் பாதுகாப்பாம்."

கீழே டாக்சி ஹாரன் அடித்தது. "வா சீக்கிரம்! வரும்போது பூட்டையும் எடுத்துக்கிட்டு வா, வெளியில போடணும்!" என்று கணவன் கத்தினான்.

அவள் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். புதுப் பூட்டை அதில் மாட்டி, சாவியை மாமியார் கையில் வைத்தாள்.

பிறகு கவரிலிருந்து லெட்டரை எடுத்தாள். படியேறி வந்த கணவன் கதவை இடிக்க ஆரம்பித்திருந்தான். அவள் நிதானமாக, மாமியார் கையெழுத்துக்குக் கீழே எழுதினாள்:

'அண்ணா, பூட்டை மாத்தியாச்சு. உள்பக்கமாப் போட்டிருக்கேன். நீங்க கவலைப்படாதீங்க, அவர் ஊருக்கெல்லாம் போகலை. வாசல்லதான் நிக்கறார்.'