ரெண்டு ஸ்டென்ட்டும் ஒரு கீசரும்

“கைல செல்லு, கீழ புள்ள. காலு வேகாம இன்னா ஆவும்?”

படி பெருக்கிக்கொண்டே குப்பம்மா வாட்ச்மேன் பரந்தாமனிடம் சொன்னது, பால் பாக்கெட் எடுக்க இறங்கிய லோகநாதன் காதில் விழுந்தது. குமணன்சாவடியில் இருக்கும் அந்த நாற்பது வீட்டு அபார்ட்மென்டுக்கு அவர்தான் செக்ரட்டரி. காதில் விழுந்த எதையும் சும்மா விட்டு அவருக்குப் பழக்கமில்லை.

“யார் புள்ள?”

“மூணாவது மாடி எழிலரசி புள்ளதான் சார். கீசர் தண்ணில கால வுட்டுகிச்சாம். சனிக்கெயம.”

சனிக்கிழமை லோகநாதன் இங்கே இல்லை. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, பழைய ஃபேக்டரி நண்பர்களோடு பிரியாணி சாப்பிட பாடி ஏரியாவுக்குப் போய்விட்டார். இருந்திருந்தால் அன்றைக்கே பஞ்சாயத்தைக் கூட்டியிருப்பார்.

அந்தப் பவ்யாக்குட்டி வேறு சாயங்காலம் ஆனால் இவர் வீட்டுக்கு வந்து மீசையை இழுக்கிற ரெண்டு வயசு வாண்டு. கோபம் இரட்டிப்பானது.

பத்து மணிக்கு நோட்டீஸ் போர்டில் காகிதம் ஏறிவிட்டது. ‘குழந்தையின் கால் வெந்ததற்கு முழுக் காரணம்: செல்போன் பார்க்கும் தாய். மற்றவர்கள் பாடம் கற்கவும். இப்படிக்கு, செக்ரட்டரி.’

அதையே போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டார். முப்பத்திரண்டு பேர் கட்டை விரல் காட்டினார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் நேரிலும் போனார்.

“வாங்க அங்கிள்” என்றாள் எழிலரசி. இடுப்பில் பவ்யா. ஒரு காலில் கட்டு, இன்னொரு காலில் கொலுசு.

“எனக்கு நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் வச்சிருக்கு, டென்ஷன் ஆகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்” என்று ஆரம்பித்தார். எல்லாச் சண்டையையும் அவர் இப்படித்தான் ஆரம்பிப்பார். “இருந்தாலும் கேக்கறேன். பேஸ்ட்டாவது தடவுனியா?”

“பேஸ்ட்டெல்லாம் தடவக் கூடாது அங்கிள். உடனே பச்சைத் தண்ணியில இருபது நிமிஷம் காட்டினாங்க…”

“காட்டினாங்களா? யாரு?”

“காட்டினேன். நான்தான்.”

“இன்னொரு கொலுசு எங்கே?”

“எங்கயோ விழுந்துடுச்சு.”

“புள்ளையையும் பாக்கறதில்ல, வெள்ளியையும் பாக்கறதில்ல! எங்க வீட்டு கீசரும்தான் ஃபுல்லுல ஓடுது. அந்தத் தண்ணியில காபியே கலக்கலாம். யார் காலாவது வெந்துச்சா? கவனம் வேணும்மா, கவனம்!”

எழிலரசி என்னவோ சொல்ல வாயெடுத்து, அவருடைய நெஞ்சைப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டாள்.

“குரூப்ல நோட்டீஸைப் பார்த்துட்டு பவ்யா அப்பா பெங்களூர்ல இருந்து போன் பண்ணார் அங்கிள். திங்கக்கிழமை பேப்பர் போட்டுடுன்றார். ஆறு வருஷமா பார்த்த வேலை.”

“நல்ல முடிவு” என்று லோகநாதன் எழுந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவி சாவித்திரியிடம் பெருமையாகச் சொன்னார். அவள் கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே இருந்தாள். அன்றைக்குக் குழம்பில் உப்பே இல்லை.

அடுத்த சனிக்கிழமை. வாரத்தில் இந்த ஒரு நாள்தான் அவருக்கு வெந்நீர்க் குளியல். தலையிலிருந்து எண்ணெய் வழிய, துண்டைக் கட்டிக்கொண்டு குழாயைத் திறந்தார். தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தது.

“யாருடி கீசரைக் குறைச்சது? எனக்கு ஆவி பறக்கணும்னு தெரியாதா?”

அண்ணாந்து பார்த்தார். குமிழ் பாதிக்கும் கீழே இருந்தது. முனகிக்கொண்டே ரெண்டு சொம்பு ஊற்றினார். தண்ணீர் போகாமல் காலடியில் தேங்கி நின்றது. குனிந்து சல்லடையைப் பிடுங்கினார். முடிச் சுருளோடு சிக்கிக்கொண்டு ஒரு குட்டிக் கொலுசு மேலே வந்தது.

கதவைத் திறந்தார். சாவித்திரி வெளியிலேயே நின்றிருந்தாள்.

“இது எப்படி இங்கே?”

“அன்னிக்கு அவளுக்கு ஆபீஸ் இருந்துச்சு. புள்ளைய எங்கிட்ட விட்டுட்டுப் போனா. மண்ணுல விளையாடிட்டு வந்துச்சு, கால் கழுவக் கூட்டிட்டுப் போனேன். சோப்பு எடுக்கத் திரும்பினேங்க. அதுக்குள்ள கீழ் குழாயைத் திருகிடுச்சு. நீங்க கீசரை ஃபுல்லா வச்சு, ஆஃப் பண்ணாமலே பிரியாணிக்குப் போயிட்டீங்க.”

லோகநாதன் வாயில் எண்ணெய் இறங்கியது. துடைக்கவில்லை.

“ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“நான் சொல்றேன்னுதான் சொன்னேன். அவதான் கையைப் பிடிச்சுக்கிட்டா. ‘அங்கிளுக்கு ரெண்டு ஸ்டென்ட் ஆன்ட்டி. பாப்பா மேல உசுரா இருக்கார். தாங்க மாட்டார். எங்க வீட்டுலேயே நடந்ததா இருக்கட்டும்’னுட்டா.”

“நோட்டீஸ் போட்டப்புறமுமா?”

“அப்புறமும்தான். நாளை மறுநாள் பேப்பர் போடப் போறா.”

லோகநாதன் கொலுசை அவள் கையில் வைத்தார். துண்டோடு, எண்ணெய்த் தலையோடு, லிஃப்ட்டுக்குக்கூட நிற்காமல் ரெண்டு மாடி இறங்கினார். குப்பம்மா துடைப்பத்தோடு சுவரோரம் ஒதுங்கினாள்.

பரந்தாமனின் விசிட்டர் நோட்டிலிருந்து பேனாவை உருவினார். போர்டில் ‘செல்போன் பார்க்கும் தாய்’ என்பதை அடித்தார். அதற்கு மேலே, ‘பி-204 லோகநாதன்’ என்று பெரிதாக எழுதினார்.

“பரந்தாமா, உன் செல்லை எடு. இதைப் போட்டோ புடிச்சு குரூப்ல போடு” என்று சொல்லிவிட்டு, போர்டுக்குப் பக்கத்தில் தானும் நின்றார்.