குப்புறக் கெடந்த சுண்டு

பவளக்கொடி ஒரு சொகுசுப் படகு. மொதலாளி குடும்பத்த ஏத்திக்கிட்டுத் தீவு தீவா சுத்துவா. ஆனா பாவம், அவளுக்கு வயிறு பெருசு. கரைக்குக் கிட்டப் போனா தரை தட்டிரும். அதனால தூரத்துலயே நங்கூரம் போட்டு நின்னுருவா. கரைக்கு ஆளக் கூட்டிட்டுப் போறது, பின்னாடி கயித்துல கட்டியிருக்குற குட்டித் தோணி சுண்டுதான்.

அவன் திரும்பி வந்ததும் பவளக்கொடி, "என்னடா பாத்த?"ன்னு கேப்பா.

"அதை ஏன்க்கா கேக்குற!"ன்னு ஆரம்பிச்சான்னா மேளம், விருந்து, ஆட்டம்னு அளந்துக்கிட்டே இருப்பான். பவளக்கொடிக்குத் தெரிஞ்ச தீவெல்லாம் சுண்டு சொன்ன தீவுதான்.

ஒரு நா, சுண்டு கரைக்குப் போனப்புறம் காத்து மாறி, பவளக்கொடிய கரைப் பக்கமா திருப்பி விட்டுருச்சு. ஆசையா எட்டிப் பாத்தா, மேளத்தையும் காணோம், ஆட்டத்தையும் காணோம். மழைத்தண்ணி சேராம இருக்க, சுண்டுவ மணல்ல குப்புறக் கவுத்துப் போட்டிருந்தாங்க. அவன் முதுகுல ஒரு நாய் தூங்கிட்டிருந்துச்சு. பொழுதுக்கும் அப்படியே கெடந்தான்.

சாயங்காலம் காத்து திரும்பி, அவளப் பழையபடி கடல் பக்கமா திருப்பி விட்டுருச்சு. சுண்டு வந்தான்.

"அக்கா, இந்த ஊரு ராஜாவே வந்து எனக்கு மாலை போட்டாருக்கா!"

'பொழுதுக்கும் குப்புறதானேடா கெடந்த?'ன்னு பவளக்கொடிக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. கேட்டுட்டா பய இனிமே வாயே தொறக்க மாட்டான். அப்புறம் அவளுக்கு ஏது தீவு?

"ராஜா நடந்தாடா வந்தாரு? யானை இல்லையா?"

"இருந்துச்சேக்கா! ரெண்டு!"