ஆறரை மணித் துடிப்பு

"என் பொண்டாட்டி நெஞ்சு எப்ப துடிச்சா உனக்கென்னய்யா?"

பேங்க் மேனேஜர் போட்ட சத்தத்தில் ஜிம்மே இரும்பைக் கீழே வைத்துவிட்டது. அவர் கையில் மனைவியின் போன். இரண்டடி பின்னால் மனைவி, கழுத்தில் துண்டோடு தரையைப் பார்த்து நின்றாள்.

எதிரே நின்ற பயிற்சியாளரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். எடையைத் தூக்கச் சொல்லிவிட்டுப் போன் நோண்டுகிற ஆள் இல்லை. எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், கடைசியாக எப்போது சிரித்தீர்கள் என்று குடைவார். உடம்பு வேறு மனசு வேறு இல்லை என்பது அவர் கட்சி.

சேருகிறவர்கள் மணிக்கட்டில் நாடித் துடிப்பை அளக்கும் பட்டை ஒன்றைக் கட்டிவிடுவார். வாரம் முடிந்தால் அது ஏறி இறங்கும் கோடாக அவரவர் போனுக்கு வந்துவிடும். அந்தக் கோட்டைத்தான் மேனேஜர் பார்த்துவிட்டார்.

"நாள் பூரா எழுபது, எழுபத்தஞ்சு. சாயங்காலம் ஆறரை ஆனா நூத்திமுப்பது. தினம். வீட்ல சும்மா இருக்கிறவளுக்கு அந்த நேரத்துல என்ன ஓட்டம்?"

"அதைத்தான் சார் நானும் கேட்டேன். மூணு வாரமா சிவப்புல எழுதி அனுப்பறேன். மேடம் பதிலே சொல்லல."

"நடிக்காத. ஏழு மணிக்கு நான் வீட்டுக்குள்ள நுழையறேன். அதுக்குள்ள வந்துட்டுப் போயிடறே. போன மாசம் நாலு நாள் நான் வெளியூர்ல இருந்தேன். தாராளமா வந்திருக்கலாம். ஆனா கோடு படுத்துக் கிடக்கு. ஏன்னா, ஐயா அந்த வாரம் லீவு. இல்லன்னு சொல்லு பாப்போம்."

லீவு உண்மைதான். மாஸ்டர் முகம் கறுத்தது. "வாயை அடக்கிப் பேசுங்க சார். மரியாதை கெட்டுடும்."

முட்டி வலிக்காக வருகிற மாடி வீட்டு அக்கா குறுக்கே வந்தாள். "ஆறரைக்கு இவரு என் காலைத்தான் மடக்கிக்கிட்டு இருப்பாரு. நான் போடற கூச்சல் தெருவுக்கே தெரியும். வேற ஆளைத் தேடுங்க."

மேனேஜர் மனைவி பக்கம் திரும்பினார். "அப்ப யாருடி? பேரைச் சொல்லு. சொல்லாம வீட்டுப் படி ஏறாதே."

அவள் முதல்முறையாக நிமிர்ந்தாள். "சரி, ஏறல" என்றாள்.

சொன்னபடியே ஏறவில்லை. அப்படியே நேராகக் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். துணிமணி எடுக்கக்கூட வரவில்லை.

தெரு மண்டையைப் பிய்த்துக்கொண்டது. கேபிள்காரர் என்றார்கள், மீட்டர் பார்க்கிறவர் என்றார்கள். எதிர்வீட்டு ரிட்டையர்ட் வாத்தியாரைக்கூட விடவில்லை. எழுபது வயசு வாத்தியாரும் அதை அவ்வளவு அவசரமாக மறுக்கவில்லை.

மேனேஜர் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாற்றல் வாங்கிப் போனார். அவள் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அடுத்து மாஸ்டர் அவளைக் கட்டிக்கொள்வார் என்று எல்லோரும் நாள் குறித்துவைத்திருக்க, அவர் ஒரு பல் டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டு தெருவின் வாயில் மண்ணைப் போட்டார்.

அந்தக் கல்யாணத்துக்கு அவளும் வந்திருந்தாள். சாப்பாட்டுப் பந்தியில் மாடி வீட்டு அக்கா தேடிப்போய்ப் பக்கத்து நாற்காலியைப் பிடித்தாள்.

"எல்லாந்தான் முடிஞ்சுபோச்சே. இப்பவாவது சொல்லுடி. ஆறரைக்கு யாருதான் வந்தா?"

"யாரும் வரலக்கா. அது அவரு ஆபீஸ்லேருந்து கிளம்பற நேரம்."