சிங்கராயரின் போத்தல்

பொழுது சாய்ந்தால் போதும், சிங்கராயர் சாராயப் போத்தலும் கையுமாக வாசலில் வந்து நின்றுவிடுவார்.

"செசிலி, மாத்திரை போட்டியா?"

"அதப் போட்டா ஒடம்பெல்லாம் எரியுதுங்க. கட்டியத்தான் வெட்டி எடுத்தாச்சே, இனி எதுக்கு?"

"சரி. அப்ப நான் மூடியத் தொறக்கிறேன்."

"ஐயோ, வேணாங்க! இந்தா, போட்டுட்டேன்."

பக்கத்துக் காம்பரா வீட்டு அங்கம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். மார்பில் புற்றுநோய் வந்து, நல்லவேளையாக ஆரம்பத்திலேயே பார்த்து, பதுளை ஆஸ்பத்திரியில் ஆபரேசன் முடித்துப் பிழைத்து வந்தவள் செசிலி. கட்டின பொண்டாட்டியைப் போய்க் குடியைக் காட்டி மிரட்டுகிறானே, இவனெல்லாம் ஒரு மனுசனா? முன்பெல்லாம் சம்பள நாளில் அவர் குடித்துவிட்டுப் போட்ட ஆட்டத்தைத் தோட்டத்து லய வரிசை முழுக்கப் பார்த்திருக்கிறது.

ஒருநாள் சாயங்காலம் பீலித் தண்ணீரில் கால் கழுவுவதற்காகச் சிங்கராயர் போத்தலைக் கீழே வைத்தார். அங்கம்மா பாய்ந்து எடுத்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டு அப்படியே சாக்கடைக் கானில் கவிழ்த்தாள்.

கவிழ்த்த பிறகு மூக்கை விட்டுப் பார்த்தாள். வாடையே இல்லை. சந்தேகத்தோடு போத்தல் வாயைத் தொட்டு நக்கினாள்.

தேயிலைச் சாயத் தண்ணி! அதிலும் சீனி இல்லாத சாயம்.

"அக்கா, சத்தம் போட்டுறாதீங்க!" சிங்கராயர் கையெடுத்துக் கும்பிட்டார். "அவள ஆபரேசனுக்குக் கொண்டுபோன அன்னைக்கே குடிய விட்டுட்டேன்."

"அத அவகிட்ட சொல்றதுக்கு என்னய்யா?"

"சொன்னா மாத்திரைய விட்டுருவாக்கா. அஞ்சு வருசம் விடாமப் போடணும், நடுவுல விட்டா நோய் திரும்பி வரலாம்னு டொக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. இவ 'வந்தா வரட்டும்'ங்கிறா. தன் உசுரப் பத்திப் பயமே இல்ல. நான் குடிச்சிருவேன்னுதான் பயப்படுறா."

அங்கம்மாவுக்கு என்னவோ போலாகிவிட்டது. இத்தனை நாள் இந்த மனுசனை எப்படியெல்லாம் திட்டியிருக்கிறாள்!

காலிப் போத்தலோடு வீட்டுக்குள் போனாள். காலையில் போட்டு ஆறிக் கிடந்த சாயத்தை அதில் ஊற்றினாள். மூடியை இறுக்கி அவர் கையில் திணித்தாள்.

பிறகு லயம் முழுக்கக் கேட்கும்படி ஒரு கத்து கத்தினாள்:

"அடியே செசிலி! ஒம் புருசன் இன்னைக்கு முழுப் போத்தலோட வந்து நிக்கிறான்டி! ஓடிப்போய் மாத்திரைய முழுங்கு!"